தஸ்தயெவ்ஸ்கியின் ரயில் தடத்தில்: டிரெஸ்டன் முதல் ஜெனீவா வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஒருவர் ஐரோப்பாவில் ரயிலேறிச் சென்ற வழியைத் தாமும் பின்தொடர விரும்புவோர் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் ரயில் பாஸ் வாங்கி, அடுத்து விடுதிகளைப் பதிவு செய்துவிட்டு, கடைசியாகத்தான் எழுத்தாளர் எந்த நாளில் எந்த வழியாகப் போனார் என்று தேடுகிறார்கள். அதற்குள் அதிவேக ரயில் அவர்களை அவர் காணாத சுரங்கங்களின் வழியே, அவர் இறங்காத நிலையங்களில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

சரியான வரிசை இது: முதலில் சான்று, பிறகு தேதி, அதன் பிறகு அந்த ஆண்டின் இருப்புப்பாதை, அடுத்து அந்த ஆண்டின் நிலையம். இவை நான்கும் முடிந்த பின்னரே இன்றைய ரயிலும் பயணச்சீட்டும். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி 1867ஆம் ஆண்டுக் கோடையில் டிரெஸ்டனிலிருந்து ஜெனீவா சென்ற பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வரிசையைப் படிப்படியாக விளக்குகிறேன். இதே முறையை வேறு எழுத்தாளருக்கும் பயன்படுத்தலாம்.

1. ஒரே ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்

தஸ்தயெவ்ஸ்கி ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்றவர். புதியவர்கள் 1862, 1863, 1865, 1867 பயணங்களை ஒன்றாகக் கலந்து, அவர் கால் பதித்த ஊர்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் எந்த ஆண்டின் ரயில் பாதையைத் தேடுவது என்பதே தெளிவாகாது. ஆண்டுக்கு ஆண்டு புதிய பாதைகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1862 பயணம் பலரையும் ஈர்க்கும். பெர்லின், டிரெஸ்டன், வீஸ்பாடன், பாடன்-பாடன், கொலோன், பாரிஸ், லண்டன், லூசெர்ன், ஜெனீவா, ஜெனோவா, புளோரன்ஸ், மிலான், வெனிஸ், வியன்னா ஆகிய ஊர்களை இரண்டரை மாதத்தில் பார்த்ததாக அவரே பட்டியலிடுகிறார். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலில் நாள்வாரியான விவரம் மிகக் குறைவு. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையை ரயில் இன்னும் துளைத்திராத ஆண்டும் அது. பிரிட்டனுக்குத் தனி விசாவும் வேண்டும். முதல் முயற்சிக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

1867 பயணத்தில் அவருடன் சென்ற இளம் மனைவி அன்னா கிரிகோரியெவ்னா சுருக்கெழுத்து பயின்றவர். நாள்தோறும் எங்கே இறங்கினார்கள், என்ன செலவானது, எதற்காகச் சச்சரவு வந்தது என்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் குறித்து வைத்தார். ஒரு பயணத்தைத் தடம்பிடிக்க இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்லின் வரையிலான முதல் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அன்று ரஷ்ய எல்லை நிலையமான வெர்ஷ்போலோவோ இன்று லித்துவேனியாவின் கிபார்தாய் நகரில் இருக்கிறது. எதிரே இருந்த பிரஷ்ய நிலையமான எய்ட்குனன், ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதிக்குள் செர்னிஷெவ்ஸ்கோயே என்ற பெயரில் உள்ளது. ரஷ்யாவின் 1,524 மி.மீ. அகலப் பாதையிலிருந்து ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குப் பயணிகள் மாறிய அந்த இடத்தைக் கடந்து, இன்று பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பெர்லினுக்கு ரயிலிலேயே தொடர்ந்து வர இயலாது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூன்று வகைச் சான்றுகளைச் சேகரியுங்கள்: அன்னாவின் 1867 நாட்குறிப்பு, அவர் முதிய வயதில் எழுதிய நினைவுக்குறிப்புகள், அந்த மாதங்களில் தஸ்தயெவ்ஸ்கி எழுதிய கடிதங்கள். நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1928இலேயே வெளிவந்துவிட்டது. நாட்குறிப்பும் நினைவுக்குறிப்புகளும் முரண்பட்டால், வழிக்கும் நாளுக்கும் நாட்குறிப்பையே நம்புங்கள். நினைவுக்குறிப்புகள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை என்பதால், அவற்றில் உணர்ச்சி தெளிவாக நிற்கும், நாளும் பொழுதும் நழுவியிருக்கும்.

அடுத்து, அந்த ஆண்டுக்கு நெருங்கிய ரயில் கால அட்டவணை வேண்டும். பிரிட்டனில் அச்சான பிராட்ஷாவின் ஐரோப்பியக் கால அட்டவணையும், ஜெர்மனியில் அச்சான ஹெண்ட்ஷெல் அட்டவணையும் 1847 முதல் வெளிவந்தன. பழைய பதிப்புகள் சில இணைய நூலகங்களில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. இங்கே பலரும் சறுக்குகிறார்கள். எளிதில் கிடைப்பது பிராட்ஷாவின் 1913 மறுபதிப்பு என்பதால், அதையே 1860களுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் துளைக்கும் கோத்தார்ட், சிம்ப்ளான் சுரங்கங்கள் திறக்கப்பட்டுப் பெருநகர நிலையங்களும் இடம் மாறிவிட்டன. 1913 அட்டவணையைக் கொண்டு 1867ஐத் தேடினால் வழி பிசகும்.

பிறகு ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள்: சான்று சொல்வது, அன்றைய தேதி, அன்றைய பாதையும் நிலையமும், இன்றைய ரயில். நான்காவது பத்தியைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். அதை முன்கூட்டியே நிரப்பியவர்கள், மற்ற மூன்றையும் அதற்கு ஏற்றவாறு வளைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. எல்லாத் தேதிகளையும் ஒரே நாட்காட்டிக்கு மாற்றுங்கள்

ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கிரிகோரியன் நாட்காட்டிக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. தம்பதியர் பீட்டர்ஸ்பர்க்கை விட்டுப் புறப்பட்ட நாள் ரஷ்யக் கணக்கில் ஏப்ரல் 14, ஐரோப்பியக் கணக்கில் ஏப்ரல் 26. வெளிநாட்டிலிருந்து எழுதிய கடிதங்களில் தஸ்தயெவ்ஸ்கி சில வேளைகளில் இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுதுவார். நாவலாசிரியர் துர்கனேவுடன் நடந்த சண்டையை விவரித்துக் கவிஞர் மய்கோவுக்கு அவர் ஜெனீவாவிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தின் தேதி ஆகஸ்ட் 16/28.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, 12க்குப் பதிலாக 13 நாட்களைக் கூட்டுவது. 13 என்பது 1900 மார்ச்சுக்குப் பிந்தைய வேறுபாடு. இரண்டாவது, ஏற்கெனவே மாற்றப்பட்ட தேதியை மீண்டும் மாற்றுவது. மொழிபெயர்ப்பாளர்களில் சிலர் தேதிகளை மாற்றித் தருகிறார்கள், சிலர் அப்படியே விடுகிறார்கள். கிழமை கொடுக்கப்பட்டிருந்தால் அதைக் கொண்டு சரிபார்க்கலாம். 1867 ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை. உங்கள் கணக்கில் வேறு கிழமை வந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

நாள் மட்டுமல்லாமல் மணியும் மாறும். மத்திய ஐரோப்பிய நேரம் ஜெர்மனியில் 1893இலும் சுவிட்சர்லாந்தில் 1894இலும்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பாடன் (அன்றைய தென்மேற்கு ஜெர்மன் அரசு) ரயில்வே கார்ல்ஸ்ரூ நேரத்தையும், சுவிஸ் ரயில்வேக்கள் பெர்ன் நேரத்தையும் பின்பற்றின. இரண்டுக்கும் சுமார் 4 நிமிட வேறுபாடு உண்டு. ஓரிடத்தில் இறங்கி அடுத்த ரயிலை எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று கணக்கிடும்போது இது தேவைப்படும்.

இந்தப் பயணத்துக்கு நினைவில் வைக்க வேண்டிய ஐரோப்பியத் தேதிகள் மூன்று. ஜூலை 4 அன்று பாடன்-பாடன் வந்து சேர்ந்தார்கள், ஆகஸ்ட் 23 அன்று அங்கிருந்து புறப்பட்டார்கள், சுவிஸ் எல்லை நகரான பாசலில் தங்கிவிட்டு ஆகஸ்ட் 25 அன்று ஜெனீவாவை அடைந்தார்கள்.

4. அந்த ஆண்டில் எந்தப் பாதை இருந்தது என்று உறுதி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகுந்த நேரத்தைச் செலவிட வேண்டிய படி இது. இன்றைய செயலிகள் மிக விரைவான வழியையே காட்டும். அந்த வழி 1867இல் இருந்ததா என்பதை ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

டிரெஸ்டனிலிருந்து லைப்சிக் வரை சிக்கல் இல்லை. ரீசா வழியாகச் செல்லும் அந்தப் பாதை 1839இலேயே முழுமையாகத் திறக்கப்பட்டது, இன்றும் அதில் வட்டார ரயில்கள் ஓடுகின்றன.

லைப்சிக்கிலிருந்து பிராங்பர்ட் வரைதான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். இன்றைய விரைவு ரயில், எர்ஃபுர்ட் வரை 2015இல் திறந்த அதிவேகப் பாதையிலும், பிறகு ஐசனாக், ஃபுல்டா வழியாகவும் செல்கிறது. ஆனால் ஃபுல்டாவுக்கும் ஹனாவுக்கும் இடைப்பட்ட பாதை 1868 டிசம்பரில்தான் முழுமையடைந்தது. எனவே 1867 கோடையில் ஃபுல்டா வழியாக ரயிலிலேயே யாரும் பிராங்பர்ட் போயிருக்க முடியாது. அன்று இருந்த முக்கிய வழிகள் இரண்டு. ஒன்று, நௌம்புர்க், எர்ஃபுர்ட், ஐசனாக், பெப்ரா வழியாகக் காசலை நெருங்கி, அங்கிருந்து தெற்கே திரும்பி மார்புர்க், கீசன் வழியாக இறங்குவது. மற்றொன்று, ஹோஃப், பாம்பெர்க், வூர்ட்ஸ்புர்க் வழியாகப் பவேரியாவைச் சுற்றி வருவது. முதலாவதைப் பரிந்துரைக்கிறேன். சாலே ஆற்றையொட்டிய பழைய தண்டவாளமும், 1852இல் முடிந்த காசல்–பிராங்பர்ட் பாதையும் இன்றும் வட்டார ரயில்களால் நன்கு இணைக்கப்பட்டுள்ளன.

பிராங்பர்ட்டிலிருந்து தெற்கே போகும்போது அதிவேக ரயில் மன்ஹைம் வழியாகக் கார்ல்ஸ்ரூவுக்கு விரையும். மன்ஹைமிலிருந்து நேராகக் கார்ல்ஸ்ரூ செல்லும் பாதை 1870இல் வந்தது. 1867க்கு உரிய வழி டார்ம்ஸ்டாட், ஹைடல்பெர்க், புரூக்சால், கார்ல்ஸ்ரூ. இதிலும் வட்டார ரயில்கள் உள்ளன.

பாசலைத் தாண்டியபின் ஜூரா மலைத்தொடரைக் கடக்க 1858இல் திறந்த பழைய ஹவென்ஸ்டைன் சுரங்கம் மட்டுமே இருந்தது. இன்றைய முதன்மை ரயில்கள் 1916இல் திறந்த அடிவாரச் சுரங்கத்தில் செல்கின்றன. நல்வாய்ப்பாக, சீசாக் ஊரிலிருந்து லாய்ஃபெல்ஃபிங்கன் வழியாக ஓல்டன் வரை ஓடும் சிறு ரயில் பழைய பாதையையே பயன்படுத்துகிறது. பாசலில் நேரடி ரயிலில் ஏறாமல் சீசாக்கில் மாறினால் போதும். பள்ளத்தாக்கின் ஓரமாக மெல்ல ஏறிச் சுரங்கத்துக்குள் நுழையும் அந்தத் துண்டு, முழுப் பயணத்திலும் 1867க்கு மிக நெருக்கமானது என்பேன்.

ஓல்டனிலிருந்து ஜெனீவாவுக்கு, பெர்ன், ஃப்ரிபூர் வழியும் பீல், நூஷாத்தெல் வழியும் அன்றே இருந்தன. எது சரி என்பதை நாட்குறிப்பில் வரும் ஊர்ப் பெயர்களை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். அட்டவணையின் முதல் பத்திக்குத் திரும்பிப் பாருங்கள்.

5. நிலையங்களின் இடத்தைச் சரிபாருங்கள்

பாதை மாறாவிட்டாலும் நிலையம் நகர்ந்திருக்கும். ஊரின் பெயர் ஒன்றே என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது.

டிரெஸ்டனின் இன்றைய முதன்மை நிலையம் 1898இல் திறந்தது. லைப்சிக் ரயில்கள் அன்று எல்பே ஆற்றின் வடகரையில் இருந்த லைப்சிகர் நிலையத்திலிருந்து புறப்பட்டன. அதற்கு அருகில் இன்று இருப்பது நொய்ஷ்டாட் நிலையம். உங்கள் பயணத்தை அங்கே தொடங்குங்கள். லைப்சிக்கில் டிரெஸ்டன் நிலையமும் துரிங்கிய நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1915இன் பெருநிலையம் அவற்றின் இடத்திலேயே எழுந்ததால் அங்கே ரயில் மாறுவது எளிது. பவேரிய வழியைத் தேர்ந்தவர்கள் மட்டும் நகரின் தென்புறம் உள்ள பயரிஷர் நிலையத்துக்குப் போக வேண்டும். பிராங்பர்ட்டின் மேற்கு நிலையங்கள் மூன்றும் பழைய நகரின் மதில் பூங்காவை ஒட்டி இருந்தன. அவற்றுக்குப் பதிலாக 1888இல் வந்த இன்றைய நிலையம் இன்னும் மேற்கே தள்ளி நிற்கிறது.

பாடன்-பாடனில் சற்று நின்று கவனிக்க வேண்டும். 1845இல் ஓஸ் என்ற ஊரில் முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து ஊருக்குள் வந்த கிளைப் பாதை ஒன்று இருந்தது, அது 1977இல் மூடப்பட்டது. இன்று பாடன்-பாடன் என்ற பெயர்ப்பலகை தாங்கி நிற்பது பழைய ஓஸ் நிலையம். அங்கே இறங்கியதும் 'வந்துவிட்டோம்' என்று படம் எடுத்துக்கொள்பவர்கள் இன்னும் ஊருக்கு ஏறக்குறைய 5 கி.மீ. வெளியே இருக்கிறார்கள். ஊருக்குள் இருந்த முனைய நிலையத்தின் பிந்தைய கட்டடம் இன்று விழா அரங்கின் முகப்பாக நிற்கிறது. ஓஸிலிருந்து பேருந்தில் அங்கே வந்து இறங்கி, அதன் பிறகு நடக்கத் தொடங்குங்கள். அங்கிருந்து குளியல் தெருவிலுள்ள வீடு வரை நடந்தால், தஸ்தயெவ்ஸ்கி சூதாடிய மண்டபத்துக்கும் வாடகை அறைக்கும் இடையிலுள்ள தொலைவு எவ்வளவு குறைவு என்பது புரியும். கொல்லுப்பட்டறை ஒன்றின் மேல்மாடியில், விடியுமுன் தொடங்கும் சம்மட்டி ஓசைக்கு நடுவே அவர்கள் ஏழு வாரம் வாழ்ந்தார்கள். மாடியில் இன்று அவருடைய மார்பளவுச் சிலை உள்ளது.

6. பாசலில் ரைன் ஆற்றைக் கால்நடையாகக் கடங்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பழைய ரயில் பாதை, பழைய நிலையம், பழைய பாலம், ஓவியம் ஆகிய நான்கும் ஒரே நாளில் ஒன்றுசேரும் ஊர் இது.

பாடன் ரயில்வே 1855இல் பாசலை எட்டியது. அதன் நிலையம் ரைனின் வடகரையில், இன்றைய மெஸ்ஸேபிளாட்ஸ் சதுக்கத்தில் இருந்தது. சுவிஸ் ரயில்கள் தென்கரை நிலையத்திலிருந்து புறப்பட்டன. இரண்டையும் இணைக்கும் ரயில் பாலம் 1873இல்தான் வந்தது. நகரின் இரண்டாவது பாலமான வெட்ஸ்டைன் பாலம் 1879இல் திறந்தது. ஆகவே 1867இல் வடக்கிலிருந்து வந்து பாலத்தின் வழியே சென்ற எந்தப் பயணியும், மிட்லரே பாலம் இன்று நிற்கும் இடத்திலிருந்த பழைய பாலத்தின் மீதுதான் ஆற்றைக் கடந்திருக்க முடியும். எந்த நூலும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்தாலே வழி தெளிவாகிறது.

இன்றைய ரயில் உங்களைப் பாலத்தின் மேல் ஏற்றி நேராக சுவிஸ் நிலையத்தில் இறக்கிவிடும். அதைத் தவிர்த்து பாடிஷர் நிலையத்தில் இறங்குங்கள். 1913 முதல் அது சற்றே கிழக்கே நகர்ந்துள்ளது. அங்கிருந்து மெஸ்ஸேபிளாட்ஸ், மிட்லரே பாலம், பிறகு மேட்டில் ஏறும் அகஸ்டீனர்காஸ்ஸே என்று நடந்து செல்லுங்கள்.

ஹோல்பைன் வரைந்த 'கல்லறையில் கிடக்கும் கிறிஸ்து' ஓவியத்தை அவர்கள் பார்த்தது அந்தத் தெருவில் 1849இல் கட்டப்பட்ட அருங்காட்சியகத்தில். ஓவியம் பின்னர் இடம் மாறியது. 1936 முதல் அது சங்க்ட் ஆல்பன் கிராபன் தெருவில் உள்ள கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பழைய கட்டடத்தின் முன் நின்றுவிட்டு, பிறகு ஓவியத்தைப் பாருங்கள். ஓவியம் ஆளுயர நீளமும் ஒரு முழத்துக்கும் குறைந்த உயரமும் கொண்டது. நாட்குறிப்பின்படி அதை நெருங்கிப் பார்க்கத் தஸ்தயெவ்ஸ்கி ஒரு நாற்காலியின் மேல் ஏறினார், அபராதம் விதித்துவிடுவார்களோ என்று அன்னா பயந்தார். நினைவுக்குறிப்பில் நாற்காலி இல்லை. அவர் அசைவற்று நின்றதும், முகத்தில் வலிப்பு வருவதற்கு முந்தைய கலக்கம் தெரிந்ததும் மட்டுமே உள்ளன. 'அசடன்' நாவலில் இந்த ஓவியத்தின் நகல் ரோகோஷின் வீட்டில் தொங்குவதை வாசித்தவர்கள், இரண்டு பதிவுகளையும் கையில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்காரலாம்.

பாசல் கலை அருங்காட்சியகத்துக்கும், ரஃபேலின் சிஸ்டீன் மடோனா உள்ள டிரெஸ்டன் ஓவியக்கூடத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. நாள் திட்டத்தை இந்த இரண்டையும் வைத்தே அமையுங்கள், ரயில்கள் அதற்கேற்ப அமையும்.

7. இப்போது விசாவும் பயணச்சீட்டும்

டிரெஸ்டன் முதல் ஜெனீவா வரை முழுவதும் ஷெங்கன் பகுதி. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாடு ஜெர்மனி என்றால் அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் பாஸ். கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையது என்பது இதில் பொருட்டில்லை, வசிப்பிடமே கணக்கு. சூரிச்சிலோ பாரிஸிலோ வாழும் தமிழர் இன்டர்ரெயில்தான் வாங்க வேண்டும், அதில் சொந்த வசிப்பிட நாட்டுக்குள் பயன்படுத்தும் நாட்களுக்கு வரம்பு உண்டு.

ஆனால் இந்தப் பயணத்துக்குப் பாஸ் தேவையில்லை என்பது என் கருத்து. நாம் தேர்ந்த பாதைகள் பெரும்பாலும் வட்டார ரயில்கள் ஓடுபவை. ஜெர்மனியின் டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச்சீட்டு எல்லா வட்டார ரயில்களிலும் செல்லும், பாசலின் பாடிஷர் நிலையம் வரையிலும் செல்லும். நீங்கள் இறங்க வேண்டிய நிலையமும் அதுவே. அது மாதந்தோறும் தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்பதால், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு முடியும். இதை மறந்து அடுத்த மாதமும் பணம் கட்டியவர்கள் பலர். பாசலிலிருந்து ஜெனீவாவுக்குத் தனிச் சீட்டு எடுக்கும்போது, லாய்ஃபெல்ஃபிங்கன் வழிக்கு அது செல்லுமா என்று சீட்டில் அச்சாகும் வழிக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் தேடும்போது செயலியில் வட்டார ரயில்களை மட்டும் தேர்வு செய்து, இடை நிலையங்களாகப் பெப்ரா, கீசன், ஹைடல்பெர்க் என்று கொடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னும், முதல் நாள் இரவும் மீண்டும் பாருங்கள். கோடையில் பராமரிப்புப் பணிகளுக்காகப் பாதைகளை மூடிப் பேருந்து விடுவது ஜெர்மனியில் வழக்கம்.

8. ஜெனீவாவுக்குப் பின் தொடர விரும்பினால்

ஜெனீவாவில் பிளான்பலே கல்லறைத் தோட்டத்தில், 1868 மார்ச்சில் பிறந்து மே மாதமே இறந்த அவர்களுடைய முதல் குழந்தை சோஃபியாவின் கல்லறை இருக்கிறது. அங்கே போவதற்கு ஒரு முழுக் காலை நேரத்தை ஒதுக்குங்கள், ரயில் பிடிக்கும் அவசரத்தில் செல்ல வேண்டாம்.

அந்தத் துயரத்துக்குப் பின் அவர்கள் ஏரியின் மேல் கப்பலில் வெவே என்ற ஊருக்குச் சென்றார்கள். கோடைகாலக் கப்பல்கள் இன்றும் அதே வழியில் ஓடுகின்றன. இலையுதிர்காலத்தில் இத்தாலிக்குப் போகும்போது சிம்ப்ளான் கணவாயை அஞ்சல் வண்டியில் கடந்தார்கள். 1906இல் திறந்த சுரங்கத்தின் வழியே ரயிலில் போனால் இந்தப் பகுதி முழுவதும் இருட்டில் கழிந்துவிடும். பிரிக் நகரிலிருந்து கணவாயைத் தாண்டி தோமோதோசோலாவுக்குச் செல்லும் மஞ்சள் அஞ்சல் பேருந்தில் ஏறுங்கள்.

மிலானிலிருந்து புளோரன்ஸ் செல்லும்போதும் அதே எச்சரிக்கை. போலோனாவுக்குத் தெற்கே 1934இன் பாதையையும் அதிவேகப் பாதையையும் விட்டுவிட்டு, 1864இல் திறந்த பொர்ரெத்தா, பிஸ்தோயா மலைப்பாதையில் செல்லும் வட்டார ரயில்களைப் பிடியுங்கள். பொர்ரெத்தாவில் ரயில் மாற வேண்டியிருக்கும், தெற்குப் பகுதியில் ரயில்கள் குறைவு என்பதால் காலையிலேயே புறப்படுவது நல்லது. 1862 பயணத்துக்கு மட்டும் இந்தப் பாதையைப் பயன்படுத்தாதீர்கள். அந்த ஆண்டில் அது இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.